ஆறும் ஏழும்

ஓர் அணியில் பதின்மூன்று பேர் இருக்கலாம். ஆனால் பயிற்சியாளரின் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் இரண்டே பேர்தான். ரக்பி லீக்கில் அவர்கள் ஆறாம் இலக்கச் சட்டையும் ஏழாம் இலக்கச் சட்டையும் போடுகிறவர்கள். மற்றவர்கள் ஓடுவார்கள், மோதுவார்கள், விழுவார்கள், விழுத்துவார்கள். எந்தப் பக்கம் போவது, யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துவது இந்த இருவரும்தான். கலியாண வீட்டுச் சமையலில் எத்தனை பேர் கைவைத்தாலும் உப்புப் புளி பார்ப்பது ஒருவரோ இருவரோதானே, அதைப்போல.

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதிப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் தர்மினி, அந்த இரண்டு சட்டைகளையும் யாருக்குக் கொடுப்பது என்று குளிர்காலம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். பகலில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மருந்துக்கடை வேலை. வாடிக்கையாளருக்குத் தலையிடி மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் தனக்கும் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றும். மே மாதம் புதிய பருவம் தொடங்குகிறது. வருகிற சனிக்கிழமை அவள் பெயர்களைச் சொல்லியாகவேண்டும்.

இரண்டு சட்டைக்கு மூன்று பேர் இருந்தார்கள். ஜெனிதா தர்மினியின் சித்தியின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவள் ஸ்டோவ்னரிலேயே பிறந்து வளர்ந்தவள். மைதானத்தில் இடைவெளி எங்கே திறக்கும் என்பதை அது திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். மீரா கோயம்புத்தூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் பனிப்பாறைகளை ஆராய வந்தவள். பனியை விட நிதானமானவள், கையில் பந்து வந்தால் மட்டும் ஆளே வேறு. மூன்றாமவள் சில்யே என்ற நோர்வேஜியப் பெண். பிழை விடமாட்டாள், வாய்பிளக்கவும் வைக்கமாட்டாள்.

ஜெனிதாவும் மீராவும் சேர்ந்தால் அந்த அணியைப் பிடிக்க ஆளில்லை. போன பருவம் முழுக்க அப்படித்தான் இருந்தது. அதிலே தர்மினியின் மூளையும் கொஞ்சம் இருந்தது. எதிரணிக்கு நோர்வேஜிய மொழியும் விளங்கும், ஆங்கிலமும் விளங்கும். ஆகவே ஆறும் ஏழும் மைதானத்தில் தமிழில் கூப்பிடட்டும் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். 'இடம்', 'வலம்' என்று இரண்டு சொல் போதும். எதிரணி விழி பிதுங்கி நிற்கும். தன் கெட்டித்தனத்தை நினைத்து அவள் பல நாள் தனக்குள் சிரித்ததுண்டு.

இந்த விளையாட்டில் பந்தை முன்னால் எறிய முடியாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். கண்ணுக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் எதிரிகள், துணை எப்போதும் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தால் அந்த நொடியிலேயே விழுத்திவிடுவார்கள். அதனால் துணை எங்கே என்பதைக் காதால்தான் அறியவேண்டும்.

போன செப்டெம்பரில், இறுதிக்கு முந்திய ஆட்டம். சொந்த மைதானம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஜெனிதாவின் சொந்தக்காரர். கடைசி நிமிடம், இன்னும் ஒருமுறை கோட்டைத் தாண்டினால் வெற்றி. பந்து மீராவின் கையில் இருந்தது. அவளுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால் ஓடிவந்த ஜெனிதாவை மறிக்க ஓர் ஆள் இல்லை. ஜெனிதா தொண்டை கிழியக் கத்தினாள். மீரா பந்தைக் கொடுக்கவில்லை. தனியாக வலப்பக்கம் வெட்டினாள், மூன்று பேர் சேர்ந்து அவளை விழுத்தினார்கள். ஆட்டம் முடிந்தது.

அதன்பிறகு ஜெனிதாவின் வாயை அடக்க ஆளில்லை. கேட்டும் வேண்டுமென்றே தரவில்லை, பெயர் தனக்கு மட்டும் வரவேண்டுமென்று நினைத்தாள் என்று போன வீடெல்லாம் சொன்னாள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டியவர்கள் கூடவே மீராவையும் வெட்டினார்கள். இந்தியாக்காரர் அப்படித்தான் என்று, பந்தையே கண்ணால் காணாத ஒரு மாமா தீர்ப்பு வழங்கினார். ஒரு பந்து கைமாறாததற்கு ஒரு நாடே குற்றவாளியாகிவிட்டது. போதாக்குறைக்கு மீரா அன்பாய் 'நீ, வா, போ' என்று பேசுவதும் மரியாதைக் குறைவு என்ற கணக்கில் சேர்ந்தது. மீராவோ வாயே திறக்கவில்லை. பேசாதவளைக் குற்றவாளி என்று நினைப்பது எல்லோருக்கும் வசதிதானே.

"அவ ஏழெண்டால் நான் ஆறில்லை" என்று ஜெனிதா தர்மினியிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். சித்தியும் தொலைபேசியில் வேறு ஏதோ கதைப்பதுபோலத் தொடங்கி, பிள்ளை மனம் உடைந்துபோனாள் என்று முடித்தார். தர்மினிக்கு மத்தளத்தைப்போல இரண்டு பக்கமும் இடி. தங்கையை எடுத்தால் சொந்தக்காரி என்பார்கள், விட்டால் சொந்தத்தையே விட்டாள் என்பார்கள்.

கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆறு ஜெனிதா, ஏழு சில்யே. மீராவுக்கு மாற்று ஆட்டக்காரி இடம். அணியின் ஒற்றுமை முக்கியம், சில்யே நம்பகமானவள், மீராவுக்கு ஆராய்ச்சி வேலை அதிகம் என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒரு முடிவுக்கு இத்தனை காரணம் தேவைப்பட்டால் அதில் எங்கோ கோணல் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும், சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொல்லி மீராவை நோகடிக்கக்கூடாது, முதலே தனியாகச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். அந்த அளவு நல்ல மனம் அவளிடம் இருந்தது.

வியாழக்கிழமை மீராவை ஸ்டோவ்னர் சென்டர் கடைத்தொகுதிக்கு வரச்சொல்லிவிட்டு, வேலை முடிந்து தானும் வந்து, கஃபேயில் வசதியான மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கோப்பியும் கறுவாப் பன்னும் வாங்கிக்கொண்டாள். சொல்லப்போகும் வசனத்தை மனத்துக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போது மீரா தொலைபேசியில் கூப்பிட்டாள். டி-பான் சுரங்க ரயிலை விட்டு இப்போதுதான் இறங்கினாளாம், எங்கே வரவேண்டும் என்று கேட்டாள்.

தமிழ்நாட்டுக்காரரோடு கதைக்கும்போது நம்மவர்கள் தமிழுக்குக் கொஞ்சம் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பது வழக்கம். தர்மினியும் அப்படித்தான். பயிற்சியில் நோர்வேஜிய மொழி, குறுஞ்செய்தியில் ஆங்கிலம், எப்போதாவது தமிழ் என்றால் பள்ளிக்கூடத்துத் தமிழ். அன்று இருந்த பதற்றத்தில் மடிப்பு கலைந்துபோனது.

"நான் மேலை கஃபேயிலை நிக்கிறன்" என்றாள், பன்னைக் கடித்துக்கொண்டே.

சற்று நேரத்தில் மீரா வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. ஏன் ஓடிவந்தீர்கள் என்று தர்மினி கேட்டாள்.

"நீங்க நிக்கறேன்னு சொன்னீங்களே. உட்கார எடம் கிடைக்கலை போல, பாவம்னு எஸ்கலேட்டர்ல ஓடி வந்தேன். பார்த்தா ஜம்முன்னு உட்கார்ந்து பன் சாப்பிட்டுட்டு இருக்கீங்க."

தர்மினிக்குச் சிரிப்பு வந்தது. வசனமெல்லாம் ஒரு நிமிடம் மறந்தே போனது.

"நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம். வீட்டிலை படுத்துக் கிடந்தாலும் வீட்டிலை நிக்கிறன் எண்டுதான் சொல்லுறது. இஞ்சை இருக்கிறன் எண்டு அர்த்தம்."

மீராவும் சிரிக்கத் தொடங்கினாள். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. கழற்றத் தொடங்கிய குளிர்ச்சட்டையின் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றாள்.

"அப்போ ஜெனிதா அன்னிக்குக் கத்தினது?"

தர்மினியின் கையிலிருந்த பன் தட்டுக்கு இறங்கியது. அன்று அவள் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், அந்தக் குரலைக் காதாரக் கேட்டவள். அவசரத்தில் ஜெனிதாவுக்கு 'இடம்' என்ற சொல் மறந்துபோய், நாக்கில் வந்ததைத்தான் கத்தினாள். நிக்கிறன், நிக்கிறன் என்று. நான் இங்கே இருக்கிறேன், தா என்று. யாழ்ப்பாணத்துக் காதுக்கு அதில் விளங்கிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதனால்தான் அவளுக்கு அது இத்தனை மாதமும் உறைக்கவில்லை.

"நான் அவ நின்னுட்டான்னு நெனச்சேன்" என்றாள் மீரா. கால் பிசகியிருக்கும், அல்லது களைத்திருக்கும், ஓட முடியவில்லை என்று தனக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் தனியாகப் போனாளாம்.

"இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது? கடைசி நேரத்துல அவ ஓடாம நின்னுட்டான்னா? அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

தர்மினிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இவளை விலக்குவதற்குத்தான் மூலை பார்த்து உட்கார்ந்து, வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். மீராவுக்கு அது முன்பே தெரியும் போலிருக்கிறது. தன்னை எடுக்கவில்லை என்று சொல்லத்தானே கூப்பிட்டீர்கள் என்று கோபமில்லாமல் கேட்டாள். வடக்கே ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம், திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டுமாம். ஒஸ்லோவில் தனக்கென்று இருப்பது இந்த அணி ஒன்றுதான், அதுவும் இல்லையென்றால் போய்விடலாம் என்று இருக்கிறாளாம்.

தர்மினி எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு சொல் விளங்கிவிட்டதால் இரண்டு மனம் ஒட்டிவிடும் என்று யார் சொன்னது? சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் வழித்துக் குவித்த பனி இன்னும் அழுக்குக் குன்றாய்க் கிடந்தது. தர்மினி ஜெனிதாவைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் ஜெனிதா நம்பவில்லை, இப்போது கதை கட்டுகிறாள் என்றாள். தர்மினி கஃபேயில் நடந்ததை மறுபடியும் சொன்னாள், பன் உட்பட. ஜெனிதா காலணியின் முனையால் பனியைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"அவ என்னைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நான் எல்லாருக்கும் சொன்னனான், அக்கா."

தர்மினி ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வசனம் கொஞ்ச நேரம் தங்கைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு ஆட்டக்காரர்களைக் கூட்டி, அந்த ஒரு சொல்லால் வந்த வினையைச் சொல்லி, ஆறு ஜெனிதா, ஏழு மீரா என்று சொன்னாள். விருப்பமில்லாதவர்கள் இப்போதே சொல்லலாம், சில்யே ஆயத்தமாக இருக்கிறாள் என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. சில்யேதான், அப்படியானால் அந்த ரகசிய மொழியைத் தங்களுக்கும் ஒருமுறை படிப்பித்துவிடுங்கள், உங்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆறையும் ஏழையும் தவிர.

தர்மினி வேண்டுமென்றே அதே ஆட்டத்தை வைத்தாள். மீரா பந்தோடு கோட்டை நோக்கி ஓடவேண்டும், ஜெனிதா இடப்பக்கம் பின்னால். தர்மினி ஊதுகுழலை ஊதினாள். மீரா ஓடினாள். எதிரே மூன்று பேர் வந்தார்கள். பின்னால் ஜெனிதா ஓடிவந்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. பந்தைக் கேட்க அவளுக்கு வெட்கம் என்பது தர்மினிக்கு விளங்கியது. இன்னும் இரண்டு எட்டில் மீராவை விழுத்திவிடுவார்கள்.

"நிக்கிறன்!"

மீரா திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கத்துக்குப் பந்தை விட்டாள். பந்து சரியாக ஜெனிதாவின் கைக்குத்தான் போனது. ஆனால் ஈரப் பந்து, விரலில் வழுக்கிக் கீழே விழுந்து உருண்டது. கதையென்றால் பிடித்திருப்பாள். இது ஏப்ரல் மாதத்து ஒஸ்லோ.

ஜெனிதா போய்ப் பந்தை எடுத்தாள். சட்டையில் துடைத்துக்கொண்டே மீராவிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கத் தமிழில் அவளுக்கு வாய் வரவில்லை. 'உன்ஷில்' என்று நோர்வேஜிய மொழியில், மெல்லத்தான் சொன்னாள். மீரா தலையசைத்தாள். ஜெனிதா அத்தோடு போகவில்லை.

"ட்ரொண்ட்ஹைமுக்குப் போறியளாம் எண்டு அக்கா சொன்னவ."

மீரா பனிக்குன்றைப் பார்த்தாள், தர்மினியைப் பார்த்தாள். மீரா வாய்க்குள் எதையோ ஒருமுறை சொல்லிப் பார்த்ததுபோல இருந்தது. பிறகு, புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிறவளைப்போலக் கவனமாகச் சொன்னாள்.

"ஒஸ்லோலதான் நிக்கிறன்."

ஜெனிதா பந்தை அவள் வயிற்றில் திணித்தாள்.

"அப்ப ஓடுங்கோ."