கோகிலவாணி திருத்திய பேனர்கள்

நவநீதன் கஞ்சாவை விட்டு இருபத்து மூன்று நாளாகிறது. அத்தனை நாளும் அவனோடு மாரடித்ததில் அவன் மனைவி கோகிலவாணிக்குத்தான் உடம்பு பாதியாகிவிட்டது. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற வழியில் இருவருமாக ஒரு ஃபிளெக்ஸ் கடை நடத்துகிறார்கள். டிசைன் போடுவது அவன். அச்சடிப்பதும் வருகிறவர்களிடம் பேச்சு வாங்குவதும் அவள்.

மத்தியானம் மூன்று மணியாகிவிட்டது. சென்றாயன் என்பவர் மகளுக்கு நாளைக்குக் காதணி விழா. அதற்கான பேனர் காலையிலிருந்து திரையில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நவநீதன் மௌசைத் தள்ளுவதும் பெருமூச்சு விடுவதுமாக உட்கார்ந்திருந்தான்.

"முடியல கோகிலா. மண்டை களிமண்ணாட்டம் கெடக்குது. ஒரே ஒரு இழுப்பு இழுத்தா கலரெல்லாம் தானா வந்து நிக்கும். இன்னைக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன்."

இந்தப் பேச்சுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இன்று போனால் நாளையும் போவான், அப்புறம் அவனைப் பிடித்து நிறுத்த ஆளே கிடையாது. இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று துணிந்தாள்.

"நீங்க போட்டதுலயே எது ஒசத்தி? காட்டுங்க."

அவன் யோசிக்கவே இல்லை. நல்லம்பள்ளிக் கல்யாண பேனரைத் திறந்தான். மயில் கழுத்து நீலத்தில் வெள்ளை எழுத்து. மண்டபத்துக்கு வந்த சனமெல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. "பொகைல போட்டது. அந்தக் கை இப்ப எனக்கு இல்ல."

அவள் அதன் பக்கத்திலேயே இன்னொரு ஃபைலைத் திறந்தாள். அன்று அவன் போட்டு முடித்துவிட்டுப் படுக்கப்போன அசல். கிளிப்பச்சையில் மஞ்சள் எழுத்து, கண்ணைக் கூசவைத்தது. உயிரோடு குத்துக்கல்லாட்டம் இருக்கிற தாய்மாமனுக்கு 'தெய்வத்திரு' என்று பட்டம் போட்டு, செத்துப்போன தாத்தா பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தான்.

"நான்தாங்க சரி பண்ணேன். இது மட்டும் இல்ல, பொகைல போட்டது அத்தனையும்."

மறுநாள் அச்சில் பார்த்தபோதெல்லாம் தன் கைவேலை என்றே அவன் நம்பியிருந்தான். அவளும் நம்பவிட்டாள், பாவி. இப்போது உடைந்து அழுவான், கூட அழலாம் என்று காத்திருந்தாள். அவன் முகமோ மெல்லத் தெளிந்தது.

"அப்ப நான் விட வேண்டியதே இல்லையே! எப்பிடிப் போட்டாலும் சரி பண்ண நீ இருக்கியே. இது தெரியாம ஒடம்பப் போட்டு வாட்டிக்கிட்டேன் பாரு."

கள்ளமில்லாமல்தான் சொன்னான். அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"போங்க," என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "ஆனா இனிமே நான் தொறந்துகூடப் பாக்க மாட்டன். நீங்க போட்டது அப்பிடியே பிரிண்டுக்குப் போவும். ஊர் சனம் வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாசலில் அப்படியே நின்றான்.

கோகிலவாணி மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதுதான் இந்த இரண்டு வருஷப் பழக்கம். இன்று அதற்குள் தூங்கிப்போனாள்.