மொழிபெயர்ப்புக்கு வந்த மீன்

அலுவலகத்தில் ஒரு காரியம் நடப்பதற்காக யாருக்காவது ஏதாவது கொடுத்ததுண்டா என்று கணினித் திரைக்குள்ளிருந்து ஓஸ்லோ ஆய்வாளர் இங்கெபோர்க் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஊழல், சட்டம், நிர்வாகம் பற்றி ஓஸ்லோவும் கொல்கத்தாவும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி இது. கொல்கத்தா பக்கத்துத் தலைவர் அனிர்பன் லாஹிரி சார் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் அவருடைய உதவியாளன். தாய்மொழியில் பேசும் இல்லத்தரசிகள் வேண்டும் என்றது ஓஸ்லோ. ஒப்புக்கொண்டிருந்த தமிழ் மாமிகள் எல்லோருக்கும் ஒரே காலையில் தலைவலி வந்துவிட்டதால் அம்மாவைக் கூட்டிவந்தேன். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாதென்று விதி உண்டு. சார் அதற்கு ஒரு விலக்கு வாங்கிக் கொடுத்தார். ஊழல் ஆராய்ச்சியில் சலுகை சீக்கிரம் கிடைக்கிறது.

அம்மா யோசித்தாள். கேஸ் இணைப்புக்கு எதுவும் கொடுத்ததில்லை, பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு டீ மட்டும்தான் என்றாள். சொன்னேன். இங்கெபோர்க் டீயைக் குறித்துக்கொண்டாள். சார் புன்னகைத்தார். அதோடு நின்றிருக்கலாம்.

"உன் வேலைக்குத்தாம்ல குடுத்தேன். போன ஆடில, சார் வீட்டம்மா பௌதிக்கு ஒரு இலிஷ் மீனு."

நாங்கள் திருநெல்வேலிச் சைவப்பிள்ளைமார். எங்கள் வீட்டில் கேக்கில் முட்டை இருக்கிறதா என்பதற்கே விசாரணை நடக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அம்மா லேக் மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசி, முறுக்கு டப்பாவில் மூடி, காளிகாட்டில் மெட்ரோ ஏறி டாலிகஞ்ச் போயிருக்கிறாள். நேர்முகத் தேர்வில் சட்டத்தின் ஆட்சி பற்றி நான் பேசியதில்தான் சார் அசந்துவிட்டார் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணி என்று பொருள்படும் பௌதியும் இலிஷும் அவருடைய வங்காள மொழி. புன்னகை அப்படியே இருந்தது. முகம் மட்டும் அதை விட்டு விலகிப் போயிருந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"உண்மையத்தான் சொல்லணும்னு கையெழுத்து வாங்கிட்டாகல்லா. அந்த பௌதி நல்லவ. கையப் பிடிச்சிக்கிட்டு, பையன் வேலைக்கு நான் பொறுப்புன்னா. சொல்லுல, அந்தப் பிள்ள காத்துக்கிட்டிருக்கு."

ஓஸ்லோவில் பேனா காத்திருந்தது. சொன்னால் என் வேலை போகும், சாருடையதும் போகலாம். சொல்லாவிட்டால் இரண்டும் இருக்கும், ஆடிக்கு ஆடி ஒரு மீனோடு. சார் என்னைப் பார்க்காமல், அம்மா களைத்திருப்பார், தண்ணீர் கொடு என்று வங்காளத்தில் மெல்லச் சொன்னார்.

நான் மைக்கை என் பக்கம் இழுத்தேன். இவர் சொல்வது என்னவென்றால், என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அம்மா என் வாயையே பார்த்தபடி, வலது கை விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடி துடைத்தாள்.