ஒரு மரக்கால் குறைவு

ரூத் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே வராதா? பெரிய வாத்தியார் அமிர்தராஜ் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சிலேட்டை எட்டிப் பார்ப்பார். பதில் தப்பென்றால் உள்ளங்கையில் பிரம்பு. அடி வாங்கிய கையாலேயே பிள்ளை கோவை இலையைத் தேய்த்துச் சிலேட்டைத் துடைத்துவிட வேண்டும். தப்பு ஒரு நிமிஷம்கூடப் பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாதாம்! எந்த இடத்தில் சறுக்கினோம் என்று பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் சிலேட்டு கருகருவென்று கிடக்கும். திருச்சுழிப் பாதையில் இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் இதுதான் ஒழுங்கு. அதே கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிற ரூத் உட்பட, எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

அன்றைக்கு அடி வாங்கியவள் மாயக்காள். பங்குனி பிறந்துவிட்டது, நாலாம் வகுப்புக்கு யார் ஏறுவது என்று பெரிய வாத்தியார் முடிவு சொல்கிற நேரம். யுத்தத்துக்கு ஆள் பிடித்துப் போன வருஷம் வேறு, பருத்தி எடுக்க ஆள் பஞ்சம். தேறாவிட்டால் மகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்விடுவதாக அவள் அப்பா உக்கிரபாண்டி சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் வந்து நிற்கப் போகிறார்.

"இதுக்கு மண்டையில களிமண்ணு. கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க," என்று பெரிய வாத்தியார் பிரம்பை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

மாயக்காள் அழவில்லை. கோவை இலையை எடுத்தாள்.

"அழிக்காதே!" ரூத் போட்ட சத்தத்தில் வகுப்பே அடங்கிப்போனது. "ஒன்னைய வையலை தாயி. குடு, பாப்போம்."

சிலேட்டில் மூன்று கணக்குகள். ஒருவன் களத்தில் பதினெட்டு மரக்கால் கம்பு கண்டான், விதைக்கு நாலு வைத்தான், மீதி என்ன? பதிமூன்று என்று போட்டிருந்தாள். அடுத்தது குதிரைவாலி. அதிலும் ஒன்று குறைவு. கடைசியில் மாம்பழக் கணக்கு; அது மட்டும் அச்சுப் பிசகாமல் சரி. கழிக்கத் தெரியாத பிள்ளை மாம்பழத்தை மட்டும் எப்படிக் கழித்தது?

"கம்பு பதிமூணுன்னு எப்படி வந்துச்சு? எனக்குப் புரியலை, நீ சொல்லு. அடிக்க மாட்டேன்."

மாயக்காள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "களத்துல பொலி அளக்கையில மொத மரக்கால ஆசாரிக்கும் துணி வெளுக்கிற ஏகாலிக்கும் எடுத்து வச்சிருவாகள்ல டீச்சர். அது போக விதைக்கு நாலு."

"களத்துப் பங்கைப் பத்திக் கணக்குல சொல்லவே இல்லையே?"

"அதைச் சொல்லணுமாக்கும்? குடுக்காம யாரு வீட்டுக்குக் கொண்டு போவா?"

ரூத்துக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஒரு வருஷமாய் இந்தப் பிள்ளை கை வீங்கினது இதற்குத்தானா! ஒரே ஒரு தரம், 'எப்படிம்மா போட்டே?' என்று கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வலித்ததா?

"உங்க களத்துல நீ சொல்றதுதான் சரி. இங்க, கணக்குல சொன்னதை மட்டும்தான் எடுக்கணும். இப்ப நீயே பாரு, எங்க ஒன்னு கூடுதலாப் போச்சுன்னு."

மாயக்காள் தன் கணக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஆத்தாடி, குதிரைவாலியிலயும் குடுத்துட்டேன் டீச்சர்!" என்றாள். பதிமூன்றுக்குப் பக்கத்திலேயே பதினாலு என்று எழுதினாள். ரூத் வேறொரு தானியக் கணக்குச் சொன்னாள். சரி. இன்னொன்று. அதுவும் சரி.

மறுநாள் உக்கிரபாண்டி வந்து வாசலில் நின்றபோது ரூத் விடவில்லை. "ஒரே ஒரு தானியக் கணக்குக் குடுங்க அய்யா. அதுக்கப்புறம் அனுப்புங்க," என்று அமிர்தராஜை மறித்துக்கொண்டு நின்றாள். பெரிய வாத்தியார் முகத்தைச் சுளித்தபடி கேழ்வரகில் ஒரு கணக்குச் சொன்னார். மாயக்காள் போட்டுக் காட்டினாள். அவர் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே கொடுத்தார்.

"சரியாத்தான் இருக்கு. நாலாங் கிளாசுக்குப் போகட்டும்," என்றவர் உக்கிரபாண்டி பக்கம் திரும்பினார். "பாத்தீகளா? நேத்துக் குடுத்த அடி இன்னைக்கு வேலை செஞ்சிருக்கு."

உக்கிரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "தோலை உரிச்சாலும் கேக்க மாட்டேன் அய்யா. கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க."

ரூத்துக்குக் கண்மண் தெரியவில்லை. நாலாம் வகுப்புக்கும் வாத்தியார் இவர்தானே! பிரம்பும் பிள்ளையோடு சேர்ந்து தேறிவிட்டதே!

"அடியா வேலை செஞ்சுச்சு? வருஷம் பூராவும் அடிச்சீகளே, அப்பல்லாம் ஏன் செய்யலை? அவகிட்டயே கேளுங்க. எப்படிப் போட்டேன்னு கேளுங்க!"

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கத்தினாள். அமிர்தராஜ் முகம் கறுத்துவிட்டது. பெற்றவர் பார்த்துக்கொண்டிருக்கையில் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். அதட்டக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"இதை எப்படிப் போட்டே?"

மாயக்காள் சிலேட்டைக் கீழே வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரியாகப் போட்ட கணக்குக்கு, இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள்.

கும்பிட்ட கையை உக்கிரபாண்டி கீழே இறக்கினார். மகளின் கையில் தடித்துக் கிடந்த தடங்களை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

"பாத்துக்கோங்க அய்யா," என்றாள் ரூத், பெரிய வாத்தியாரிடம். "ஒரு வருஷமா நீங்க சொல்லிக்குடுத்த பாடம் இதுதான்."