பெட்ரோலில் குளித்த ரப்பர்கள்

அத்தானின் பிரிட்டிஷ் காருக்கு அறுபது வயது. எங்கள் வீட்டில் தனிப் போர்வை உள்ள ஒரே ஜீவன் அதுதான். அந்த உபசாரத்துக்கு நன்றியாக, வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயிலை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது.

"மெக்கானிக் எதுக்கு? நம்ம வீட்லயே இன்ஜினியர் இருக்காரே" என்றார் அத்தான். மாலை வகுப்பில் ஏழு வாரமாக நான் கார் பழுது பார்க்கக் கற்கிறேன். அதில் இரண்டு வாரம் காய்ச்சல்.

சக்கரம், டிரம், கட்டைவிரல் பருமனுள்ள பிரேக் சிலிண்டர் என்று வரிசையாகக் கழற்றினேன். ஒவ்வொரு வேலையையும் டைரியில் எழுதினேன். உள்ளே தேய்ந்திருந்த ரப்பர்களை மாற்றினேன். அத்தான் பெடலை மிதிக்க, நான் சிலிண்டரின் பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். ஒழுகல் நின்றது. நின்றதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நேற்று வகுப்பில் ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னார்: "பிரேக் ரப்பர்ல பெட்ரோல் படவே கூடாது. ஊதிப்போயிரும். அப்புறம் பிரேக் எப்ப பிடிக்கும், எப்ப விடும்னு அதுக்கே தெரியாது."

டைரியைப் புரட்டினேன். பதினொன்றாவது வரி: 'புது ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவினேன். சுத்தம் போதுமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் கழுவினேன்.'

இன்று காலை அக்காவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, மலைச்சாலையில் இறங்கத் தயாராக இருந்தார் அத்தான்.

"அத்தான், அந்தப் பிரேக்கை நம்பாதீங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

"பூட்டின கதவையே நாலு தடவை இழுத்துப் பாக்கிற ஆளுப்பா நீ. இங்க பாரு, மிதிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கு."

"அப்படியே மிதிச்சுக்கிட்டே இருங்க."

வண்டி கிளம்பவே கூடாதென்று, ஸ்பானரோடு பின்சக்கரத்தின் பின்னால் படுத்து, அந்தத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஆயில் பீச்சியடித்தது. பெடல் தரையில் போய் இடித்தது.

"எங்கடா போச்சு பிரேக்கு?"

"என் சட்டையில இருக்கு அத்தான்."

அக்கா குழந்தையோடு இறங்கிக் கதவைச் சாத்தினாள். "எங்களுக்கு பஸ் போதும். நீங்க ரெண்டு பேரும் மிதிச்சு விளையாடுங்க."

சிலிண்டரை மறுபடி கழற்றினேன். உள்ளே ரப்பர்கள் விருந்துக்குப் போய் வந்தவை போல உப்பி, வெளியே வர மறுத்தன. அத்தான் அவற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு என் டைரியை வாங்கிப் பதினொன்றாவது வரியைப் படித்தார்.

"கையெழுத்து நல்லாருக்கு" என்றார்.