தொழிற்சாலைச் சிவப்பு

காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் கதவு திறந்துவிட்டால் பல் டாக்டர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "இப்படியே விட்டீங்கன்னா மொத்தமும் போயிடும். இன்னைக்கே சரி பண்ணிடலாம்." வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுக்கும் அவர் மனைவிக்கு அது மனப்பாடம்.

மாலையில் மாடியேறி வீட்டுக்குள் நுழைந்ததும் அதே மனிதர் கட்சி மாறிவிடுவார். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருபத்துமூன்று பழைய தகர பொம்மைகள். ஒற்றைக்கண் கரடி, வால் இற்றுப்போன குதிரை, மூக்கில்லாத விமானம். எதையும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. அந்த வீட்டில் மனைவியைவிடத் துருவுக்கு மரியாதை அதிகம்.

"காலம் பண்ணின வேலையில நாம கை வைக்கக் கூடாதும்மா" என்பார்.

"இதையே கீழ வர்றவங்ககிட்டயும் சொல்லிப் பாருங்களேன். நமக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

அவர் காதில் விழாது.

அலமாரியின் ராஜா ஒரு தகர பஸ். டாக்டர் சின்ன வயதில் விளையாடியது. சக்கரம் மூன்று, டிரைவருக்கு முகமே இல்லை, சாவி திரும்பாது. ஆனால் முன்பக்கத்தில் ஒரு அடர்சிவப்பு. பழம்பொம்மைச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற நில அளவையர், பூதக்கண்ணாடியை வைத்து முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இது தொழிற்சாலைச் சிவப்பு, செய்யும்போதே பூசினது. இந்த மாடல்ல வேற எங்கயும் கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னார். சங்க இதழில் இரண்டு பக்கக் கட்டுரையும் எழுதினார். அதன் பிரதிகள் கிளினிக்கில் காத்திருப்போர் மடியில் போய் விழுந்தன. பல்வலியோடு வந்தவர்களுக்கு அது கூடுதல் சோதனை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரின் அக்கா, முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க நாலு நாள் தங்க வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அலமாரியைப் பார்த்துவிட்டாள்.

"அட, என் நெயில் பாலிஷ் இன்னும் போகலையே!"

டாக்டர் சிரித்தார். "அது தொழிற்சாலைச் சிவப்புக்கா."

"எந்தத் தொழிற்சாலைடா? நீ மழையில போட்டுட்டுத் துருப்பிடிச்சுப் போச்சுன்னு ரெண்டு நாள் சோறு திங்காம அழுதே. அஞ்சு வயசு உனக்கு. ஃப்ரெண்டு குடுத்த பாட்டில், ஒரு விரலுக்குக்கூட நான் போட்டுக்கல. எல்லாத்தையும் இதுல கொட்டி, அம்மாகிட்ட அடியும் வாங்கினேன். பின்பக்கம் வர்றதுக்குள்ள பாட்டில் தீந்துபோச்சு."

டாக்டரின் முகம், மரத்துப்போகும் ஊசி போட்ட வாய்போல ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. மனைவி கொஞ்சமும் தாமதிக்காமல் பஞ்சும் பாலிஷ் அழிக்கும் திரவமும் கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு துளி தொட்டுப் பாத்துடலாமே?" அவர் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டரிடம் ஒரு கெட்ட பழக்கம், பொய்யை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தலைவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு டாக்டர் வீட்டிலேயே அவசரக் கூட்டம்.

சங்கத்தில் டாக்டரையும் சேர்த்து ஏழு பேர். ஆறு பேருக்குப் பதவி உண்டு, பதவி கிடைக்காத ஏழாமவர்தான் எதிர்க்கட்சி. பஸ்ஸைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்துவிட்டு, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"பாலிஷை உரிச்சு உண்மையான பெயிண்ட்டை வெளிய கொண்டுவரணும்" என்றார் செயலாளர்.

"அம்பது வருஷமா இருக்கிற பாலிஷும் உண்மைதான். அப்படியே விடணும்" என்றார் பொருளாளர்.

"முதல்ல அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கணும்" என்றார் ஏழாமவர்.

தலைவருக்கு அந்த யோசனை மட்டும் பிடிக்கவில்லை. "அக்கா சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

டீ எடுக்க உள்ளே போன மனைவி சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் மேசையில் உட்கார்ந்து பஸ்ஸின் பின்பக்கத்துக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். காலையில் வலிக்கிற காலோடு தெருமுனைக் கடை வரை போய் வந்தது இதற்குத்தானா!

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பாதியில விட்ட வேலைம்மா. அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

தடுத்திருக்கலாம். மனைவி கூடத்துக் கதவைச் சாத்தினாள். கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதல்லவா?

ஓட்டெடுப்புக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று ஏழு பேரும் உள்ளே வந்தார்கள். முதலில் வாசனை வந்தது. அப்புறம் முன்னும் பின்னும் சிவப்பாகிவிட்ட பஸ் தெரிந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க!" தலைவரின் குரல் கீச்சென்றது.

"நீங்க கேட்ட ஆதாரம். முன்னும் பின்னும் ஒரே சிவப்புதானே?" என்றாள் அக்கா.

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். இடி விழப்போகிறது என்று மனைவியே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவர் குனிந்து, நோயாளி வாயைப் பார்ப்பதுபோல பஸ்ஸை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"அக்கா, இந்த ஜன்னலுக்குக் கீழ விட்டுப்போச்சு."

"கண்ணு சரியாத் தெரியலடா. நீயே பூசு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தூரிகையை வாங்கிக்கொண்டார். அவரைக் கிண்டல் பண்ண மனைவியிடம் நாலு வாக்கியம் தயாராக இருந்தது. அவர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு பூசுவதைப் பார்த்ததும் நாலும் மறந்துபோயின. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

தலைவர் பூதக்கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். மற்றவர்கள் கொள்கைக்காரர்கள்தான், ஆனாலும் டீயைக் குடித்துவிட்டே போனார்கள்.

டாக்டர் ஈரம் காய பஸ்ஸின் மேல் ஊதினார்.

"ஊதாதடா, எச்சில் தெறிக்குது" என்றாள் அக்கா.