விளக்குப் பிடித்தவள்

"பெரியம்மா, நீங்க முன்னாடி வாங்க. விளக்கு உங்க கையில."

படகோட்டி யாரைச் சொல்கிறான் என்று லிட்டா திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒரு கொரியக் குடும்பம் ஹெல்மெட் வாரை மாட்டத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களில் யாருக்கும் பெரியம்மா வயது இல்லை. படகோட்டி துடுப்பால் அவளையே காட்டினான். இருபத்தைந்து வயது இருக்கும், வெற்றிலைக் கறை இல்லாத பெரிய பற்கள், பேச்சே பிழைப்பு என்பது முகத்திலேயே தெரிந்தது. "மூஞ்சியே சொல்லுதே, அக்கா தங்கச்சின்னு. நீங்க மூத்தவங்க, அதனால விளக்கு. பாப்பா அடுத்த பலகை. அப்பா அம்மா ரெண்டு பேரும் நடுவுல சேர்ந்து உக்காருங்க, அப்பதான் படகு சாயாது. வீட்ல சண்டைன்னாலும் இங்க ஒட்டித்தான் உக்காரணும்."

அப்பா என்றது அவள் கணவன் ரொமுலோவை. அம்மா என்றது அவள் தங்கை டெல்மாவை.

லிட்டா காத்திருந்தாள். யாராவது ஒருவர் சிரித்துவிட்டு, தம்பி, தப்பா சொல்றே, இவங்கதான் அம்மா என்று சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். ரொமுலோ குனிந்து லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைப் போட்டான். போட்டிருந்த கொக்கியைக் கழற்றி மறுபடியும் போட்டான். டெல்மா தண்ணீரைப் பார்த்தாள். குகை வாயருகே தண்ணீர் பச்சையாக, அடி தெரியாமல் இருந்தது. மகள் ஜைரா வாயைத் திறந்தாள்; சித்தியின் முகத்தைப் பார்த்தாள்; மூடிக்கொண்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்திருந்தது.

"ஏறுங்க பெரியம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

லிட்டா ஏறினாள்.

இந்தப் பயணம் அவள் யோசனைதான். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் பிறந்து வளர்ந்தும் அவள் இந்தக் குகையைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை, அது வெளியூர்க்காரர்களுக்கு. ஹாங்காங்கில் அவள் வேலை பார்த்த வீட்டு மகனும் மருமகளும் ஒரு விடுமுறைக்கு இங்கே வந்துபோனார்கள். அந்த வாரம் முழுக்க அவர்களுடைய கிழவித் தாயைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு லிட்டா அங்கே இருந்தாள். திரும்பி வந்த மருமகள் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "உங்க ஊர் எவ்வளவு அழகு, இதை விட்டுட்டு எப்படித்தான் வந்தியோ" என்றாள். அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். ஒருநாள் என் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நானும் காசு கொடுத்து, வேனில் ஏறி, வழிகாட்டி பேசப் பேச அதைப் பார்ப்பேன்.

அதற்காக மட்டும் அல்ல. சாப்பாடும் பயணத்தில் சேர்த்தி. சபாங் கடற்கரை ஓட்டலில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு செய்தி இருந்தது. கிழவி இறந்துவிட்டாள். இனித் திரும்பிப் போவதாக இல்லை. நான்கு வார விடுமுறை என்றுதான் இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னதும் ஜைரா முகம் எப்படி மாறும் என்று விமானத்தில் வரும்போது பலமுறை நினைத்துப் பார்த்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து அந்த முகத்தை நினைத்துப் பார்ப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. ஜைரா அவளை 'நீங்க' என்றாள். சித்தியை 'நீ' என்றாள். இரண்டாம் நாளே, "எப்பக் கிளம்பறீங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பதுபோல. அது பழகாத பிள்ளை, இரண்டு வயதில் விட்டுப்போனது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் ரொமுலோ எப்போதும் கட்டிலில் கதவோரம் படுப்பவன். இப்போது தூக்கத்தில் உருண்டு உருண்டு சுவரோரம் போனான். கதவோரம் எழுந்து போக வசதியான இடம். விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்கள் படுக்கும் இடம். அதை லிட்டா கவனித்தாள். கவனித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை வேனில், டெல்மா பின்சீட்டிலிருந்து, "அந்தத் தண்ணி பாட்டில எடு" என்றாள். ரொமுலோ எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். முன்பெல்லாம் டெல்மாவுக்கு அவன் 'ரொமுலோ அண்ணே'. 'எடுங்கண்ணே.' 'சாப்பிடுங்கண்ணே.' இந்த நாட்களில் அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் லிட்டாவுக்கு உறைத்தது.

வருடக்கணக்காக ஞாயிறுதோறும் வீடியோவில் பேசியிருக்கிறார்கள். திரையில் ரொமுலோ, மடியில் ஜைரா, பின்னால் புதிதாகப் பூசிய சுவர், புதிய ஃபிரிட்ஜ். டெல்மா ஒருநாளும் திரையில் இருந்ததில்லை. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சிறுத்துப் போனது. குளிர்ந்த காற்றில் ஒரு புளித்த வாடை. "மேல பாக்கறவங்க வாயை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றான் படகோட்டி. "வவ்வால் எச்சத்துக்கு ஏழை பணக்காரன் கிடையாது. பெரியம்மா, விளக்கு வலது பக்கம்... இன்னும் மேல... அதோ கல்லுக் காளான். எத்தனை வருஷக் காளான், ஆனா சூப்பு வைக்க முடியாது. இடது பக்கம், சோளக்கதிர். பெரியம்மா, விளக்கு ஆடுது, என்ன, வீட்டுக்காரர் இல்லாத தைரியக் குறைவா?"

முன்னால் போயிருந்த வேறொரு படகு எதிரே திரும்பி வந்தது. அதன் விளக்கு ஒருகணம் கண்ணைக் கூசவைத்து விலகியது. பிறகு துடுப்பு தண்ணீரில் விழும் ஓசையும், மேலே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கீச்சொலிகளும் மட்டும்தான். லிட்டாவின் கையில் பேட்டரி விளக்கு கனத்தது. அவள் பார்க்க முடிந்ததெல்லாம் அந்த வட்டம் விழும் இடத்தை மட்டும். ஈரமான பாறை, மெழுகு உருகினதுபோன்ற பாறை, மறுபடியும் பாறை. அவள் பணம் கட்டிக் கூட்டிவந்த குடும்பம் முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருட்டில் இருந்தது.

"இப்ப எல்லாரும் சிலுவை போட்டுக்கங்க. பெரியம்மா, இடது பக்கம், கொஞ்சம் கீழ. திருக்குடும்பம். முக்காடு போட்டவங்க மரியா, கோலோட குனிஞ்சிருக்கறவர் சூசையப்பர், நடுவுல பாலன். கல்லாயிருந்தாலும் பிரியாம நிக்கறாங்க பாருங்க."

பின்னால் டெல்மாவின் சிரிப்புக் கேட்டது. வாய்க்குள்ளேயே அடங்கிவிடும் சின்னச் சிரிப்பு. அதைத் தொடர்ந்து ரொமுலோவின் குரல், மிகத் தாழ்ந்து, "ஆடாத. இரு. இங்க பாரு" என்றது. அந்தக் குரலை லிட்டாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் கேட்டது. போனில் அது வந்ததே இல்லை. அதற்குப் போன்தான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

அவள் விளக்கைத் திருப்பினாள்.

"ஐயோ பெரியம்மா, மூஞ்சில அடிக்காதீங்க!"

டெல்மாவின் கன்னத்தில் எச்சம் விழுந்திருந்தது. ரொமுலோ கழுத்துத் துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். டெல்மா மோவாயைத் தூக்கி, கண்களை மூடி, முகத்தை அவனிடம் கொடுத்திருந்தாள். வெட்கமும் இல்லை, ஆசையும் இல்லை. இப்படிப் பலநாள் துடைத்துவிடப்பட்ட முகம். கட்டிப்பிடித்திருந்தால்கூட லிட்டாவுக்குக் கத்த வந்திருக்கும். அவர்களுக்கு முன் பலகையில் ஜைரா, தோளுக்கு மேல் திரும்பி அதைப் பார்த்தபடியே கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவிதான் லிட்டாவுக்கு எல்லாவற்றையும் சொன்னது.

வெளிச்சத்தில் மூவரும் கண்ணைச் சுருக்கினார்கள். ரொமுலோவின் கை அந்தரத்தில் நின்றது. லிட்டா விளக்கை மறுபடியும் பாறைக்குத் திருப்பினாள். திரும்பி வரும் வழி முழுக்கப் படகோட்டி இடது என்றால் இடது, வலது என்றால் வலது என்று பிடித்துக்கொண்டு வந்தாள். விளக்கு ஆடவில்லை.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. சபாங்குக்குத் திரும்பும் படகுக்கு மணலில் காத்திருக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் ஒரு குரங்கு யாருடைய பையிலிருந்தோ வாழையிலைப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓட, எல்லோரும் கூச்சலிட்டார்கள். அதை வேடிக்கை பார்க்கிற சாக்கில் ரொமுலோ ஜைராவை அழைத்துக்கொண்டு தள்ளிப் போனான். அக்காவும் தங்கையும் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் திரும்பிப் போகல" என்றாள் லிட்டா.

"என்ன சொல்றே?"

"கெழவி செத்துப் போச்சு. வேலை முடிஞ்சுது. இனி இங்கதான்."

டெல்மா மணலைப் பார்த்தாள். "ரொமுலோகிட்ட சொல்லிட்டியா?"

"ரொமுலோ அண்ணன்கிட்ட" என்று திருத்தினாள் லிட்டா.

டெல்மா காலால் மணலைத் தள்ளினாள்.

"எப்ப இருந்துடி?"

"இங்க வேணாம்க்கா."

"வேற எங்க? வீட்லயா? அந்த வீட்ல எந்த ரூம்ல உக்காந்து பேசறது, சொல்லு."

"நீதானக்கா சொன்னே. புள்ளையப் பாத்துக்க, அவரைப் பாத்துக்கன்னு."

"சோறு போடச் சொன்னேன்."

"சோறுதான் போட்டேன்." டெல்மாவின் குரல் உயரவில்லை. "மணிலாவுல துணிக்கடை வேலை வந்துச்சு, போகாதன்னே. அந்த மீன்பிடிக்கிற ஆர்னெல் பொண்ணு கேட்டு வந்தான். ரெண்டு வருஷம் பொறுடி, ஜைரா பள்ளிக்கூடம் சேரட்டும், நான் வந்துடறேன்னே. அவன் பொறுத்தான். அப்புறம் கூரை மாத்தணும், இன்னும் ரெண்டு வருஷம்னே. அவன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான். உன் ரெண்டு வருஷம் எப்பக்கா முடிஞ்சுது?"

"அதுக்கு? எம் புருஷன்தான் கெடச்சானா?"

"வேற யாரக்கா அந்த வீட்டுக்குள்ள இருந்தா?"

கேட்டது கோபமாக இருந்திருந்தால் லிட்டா அறைந்திருப்பாள். அது நிஜமாகவே ஒரு கேள்விபோல இருந்தது. ஆர்னெலின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. போனில் டெல்மா அந்த விஷயத்தைச் சொன்ன நாளில் கிழவிக்குக் காய்ச்சல். அவசரமாகப் பேசிவிட்டு வைத்திருந்தாள்.

"ஜைராவுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அவளுக்குத் தெரியறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு வீடுன்னா இதுதான்."

ரொமுலோ திரும்பி வந்தான். அவன் கண்கள் ஒருத்தியிலிருந்து இன்னொருத்திக்குப் போய், யாரிடமும் நிற்காமல் கடலுக்குப் போயின. "படகு வந்துடுச்சு" என்றான். பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல, "சாப்பாடு ஒரு மணிக்குள்ள முடிஞ்சுடுமாம். மெதுவாப் போனா மீனு தீந்துடும்" என்றான். லிட்டா அவனையே பார்த்தாள். அவள் அனுப்பிய பணத்தில் வாங்கிய சட்டை. காலர் மடிப்பை யாரோ கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

காலையில் வந்ததைவிடக் கடல் கொந்தளித்திருந்தது. வடகிழக்குக் காற்று ஏறிவிட்டது. இருபுறமும் மூங்கில் கைகளை நீட்டிய அந்த மெல்லிய படகு, அலையில் ஏறி ஏறித் தொப்பென்று விழுந்தது. டீசல் புகை முகத்தில் அடித்தது. ஜைரா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், பயத்திலா மகிழ்ச்சியிலா தெரியவில்லை. பாறை முனையைத் தாண்டியதும் டெல்மாவின் முகம் வெளுத்தது. வாயைப் பொத்தினாள். எழ முயன்றாள், ஆடிப்போய் விளிம்பின்மேல் விழுந்தாள்.

ரொமுலோ எழுந்துவிட்டான்.

"நீ உக்காரு" என்றாள் லிட்டா.

"இல்ல லிட்டா, அவளுக்குக் கடல் ஒத்துக்காது, நான்..."

"எனக்குத் தெரியும். நீ பொறக்கறதுக்கு... நீ வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். லிட்டா கட்டைகளைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டாள். டெல்மா படகுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த கூந்தல் காற்றில் பறந்து வாயிலும் கண்ணிலும் ஒட்டியது. லிட்டா அதை இரண்டு கைகளாலும் கூட்டி அள்ளி, பிடரிக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். இன்னும் அடர்த்தியான முடிதான். உப்புநீரில் நனைந்து கையில் கயிறுபோலக் கிடந்தது. டெல்மா குமட்டிக் குமட்டி, ஒன்றும் வராமல், நடுவில் "அக்கா" என்றாள்.

லிட்டா முடியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு சுற்று. டெல்மாவின் நெற்றித் தோல் பின்னுக்கு இழுபட்டது, கண்கள் அகன்றன. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கையைத் தூக்கி விலக்கவும் இல்லை. கீழே, முகத்துக்கு மிக அருகில், கடல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே சபாங் கரையில் ஓட்டல்களின் கூரைகளும், சமையல் புகையும், சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசையும் தெரியத் தொடங்கின. இயந்திரச் சத்தத்தில் ஜைரா ஏதோ கூப்பிட்டாள், அம்மா என்றா சித்தி என்றா காதில் விழவில்லை. படகு அடுத்த அலையில் ஏறியது. லிட்டா பிடியை விடாமல், பற்களைக் கடித்துக்கொண்டு, தங்கையின் தலையைத் தாங்கியிருந்தாள்.