ஓட்டுக்கடியில் கிடந்த குழந்தை

ம்யூரியலின் ஆட்டு மேய்ச்சல் நிலத்து மேட்டில் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றை எங்கள் அகழாய்வுக் குழு தோண்டிக்கொண்டிருந்தது. நான்காம் நாள், சுவரடியில் கிடந்த கூரை ஓட்டை எடுத்தேன். கீழே பச்சைக் குழந்தையின் எலும்புகள்.

தேநீர் கொண்டுவந்த ம்யூரியல் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். எழுபத்தொரு வயது.

"இது எங்க அண்ணனா இருக்குமோ?"

எங்கள் தலைவி இமோஜனுக்குப் புரியவில்லை. ம்யூரியலின் தாய்க்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்ததாம். அப்பா தூக்கிப்போய்ப் புதைத்தார். சாகும்போதுதான் வாய் திறந்தார்: "மேட்டுல, சுவரு தெரியிற இடத்துல."

"ரோமானியங்க குழந்தைய இப்படித்தான் சுவரோரமா புதைப்பாங்க, ம்யூரியல்," என்றாள் இமோஜன்.

"எங்கப்பாவும் அப்படித்தானே பண்ணிருக்காரு. அவரு என்ன ரோமானியரா?"

மனித எலும்பு என்பதால் போலீஸ் வந்து பார்த்தது; எலும்புத் துண்டு ஒன்று பரிசோதனைக்குப் போனது. முடிவு வர ஆறு வாரம். தினமும் ம்யூரியல் நாற்காலி போட்டுக் குழியருகே உட்கார்ந்தாள். சில நாள் அழுதாள். சில நாள், "யாரு பெத்த புள்ளையோ, நான் எதுக்கு அழுவுறேன்?" என்று எழுந்து போய்விடுவாள்.

முடிவு வந்தது. ஆயிரத்து எழுநூறு வருடப் பழசு.

"அப்போ எங்கண்ணன் எங்க?"

"மேட்ட முழுசா தோண்டிப் பாக்கலாம். நீங்க சரின்னா போதும்," என்றாள் இமோஜன்.

"தோண்டுன்னும் சொல்ல வரல. வேணாம்னும் சொல்ல வரல. நீயே சொல்லேன்," என்றாள் ம்யூரியல்.

"நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றாள் இமோஜன்.

மறுநாள் ம்யூரியல் குழியை மூடச் சொல்லிவிட்டாள். மூடினோம். ஆனால் எலும்புப் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும்போது தானும் வருவேன் என்றாள். வண்டியில் இருபது மைலும் அதை மடியிலேயே வைத்திருந்தாள். வளைவுகளில் கையால் அணைத்துக்கொண்டாள்.

பெட்டியை வாங்கியவர் கேட்டார், "நீங்க யாரும்மா, ஆராய்ச்சிக் குழுவா?"

"இல்ல. குழந்தைக்குப் பக்கத்து வீடு," என்றாள் ம்யூரியல்.

திரும்பும் வழியில் என்னிடம், "மூடச் சொன்னது சரிதானா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றாள்.